நோட்டில் எழுதுவதும் நாலு பேர் பார்க்க எழுதுவதும்

டைரி எழுதும் பழக்கம் கொஞ்சம் ஊறியதும் ஒரு ஆசை தலைகாட்டும். இவ்வளவு எழுதுகிறோமே, இதை நாலு பேர் படித்தால் என்ன? நமக்கு நடந்தது இன்னொருவருக்கும் நடந்திருக்கும், அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்ற நல்ல எண்ணமும் அதில் உண்டு. யாராவது “எனக்கும் அப்படித்தான்” என்று சொல்ல மாட்டார்களா என்ற ஏக்கமும் உண்டு. இரண்டும் நியாயமானவை. ஆனால் அன்றாட டைரியை அப்படியே பொதுவில் வைக்க ஆரம்பித்தால் என்னென்ன, எந்த வரிசையில் வந்து சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாரும் இருப்பதில்லை. தனியாகவே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வழியில் போய்வந்த அனுபவத்தில் எழுதுகிறேன். என் கதை இதில் யாருக்கும் பயன்படாது; எது எங்கே உடையும், ஏன் உடையும், எதை முதலிலேயே செய்து வைத்தால் தப்பிக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போகும். யாரோ படிக்கிறார்கள் என்ற நினைப்பே தினமும் உட்கார வைக்கும். நோட்டில் மூன்று நாள் எழுதி நான்கு நாள் விடுகிறவர்கூட நாள் தவறாமல் எழுதுவார். முகம் தெரியாத ஒருவர் “என் மனசில் இருந்ததை எழுதிவிட்டீர்கள்” என்று சொல்லும்போது வரும் சந்தோஷத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. தனிமையில் தவிக்கும் ஒருவரை அந்த ஒரு வரி ஒரு வாரம் தாங்கிப் பிடிக்கும். இந்தக் கட்டத்தில் யார் கண்ணிலும் படாதது, போகிற நேரம். நோட்டில் இருபது நிமிடத்தில் முடிகிற பதிவு, பொதுவில் போகும்போது ஒன்றரை, இரண்டு மணி நேரத்தைச் சாப்பிடும். முதல் வரியை நாலைந்து தடவை மாற்றுவது, “அவர்” என்றால் யார் என்று தெரியாதவர்களுக்கு விளக்குவது, யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் இன்னொருவர் கண்ணால் படித்துப் பார்ப்பது, எல்லாம் சேர்ந்துதான் அவ்வளவு. வெளியிட்ட பிறகு யார் படித்தார்கள், என்ன சொன்னார்கள் என்று போய்ப் போய்ப் பார்க்கும் நேரம் இந்தக் கணக்கில் வராது. வாரத்துக்கு ஐந்து நாள் எழுதுகிறவருக்கு, சாதாரணமாக ஒரு முழு வேலை நாள் இதில் கரைந்துவிடும். ஆரம்பிப்பதற்கு முன்பே அந்த ஒரு நாளை எங்கிருந்து எடுக்கப்போகிறோம் என்று யோசித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறோம்.

அடுத்து நடப்பது இன்னும் நுணுக்கமானது. எழுத்தே மாற ஆரம்பிக்கும். ஒரு கற்பனைப் பதிவை வைத்துக் காட்டுகிறேன். நோட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “அண்ணன் போன் பண்ணினான். மறுபடியும் பணம். இல்லேன்னு சொல்ல வாய் வரல. பாக்கறேன்னு சொல்லி வச்சுட்டேன். வச்சப்புறம் கை நடுங்குச்சு. கோபம் அவன் மேலயா என் மேலயான்னே தெரியல. அம்மா இருந்தா என்னைத்தான் திட்டியிருப்பா.” இதே நாள் பொதுவில் போகும்போது இப்படி ஆகிவிடும்: “நெருங்கிய உறவுகளில் எல்லை வகுப்பது எவ்வளவு கடினம் என்பதை இன்று உணர்ந்தேன். மறுப்பதும் அன்பின் ஒரு வடிவம்தான்.” இரண்டாவது பதிவில் ஒரு பிழையும் இல்லை, பத்துப் பேர் தலையாட்டுவார்கள். ஆனால் கை நடுங்கியது போய்விட்டது. அம்மா போய்விட்டாள். கோபம் யார் மேல் என்ற குழப்பம், அதாவது அந்த நாளில் நடந்த ஒரே முக்கியமான விஷயம், போய்விட்டது. அதைவிட மோசம், சொல்லவே சொல்லாத “இல்லை”யைச் சொல்லி முடித்துவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வந்துவிட்டது. பொய் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவர் யாரும் இல்லை. மூன்று வருடம் கழித்து இந்த இரண்டையும் புரட்டினால், முதல் பதிவு அந்த நாளை அப்படியே திருப்பிக் கொடுக்கும். இரண்டாவதைப் படித்தால் எந்தப் போனைப் பற்றி எழுதினோம் என்றுகூட ஞாபகம் வராது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், படிக்கப்போகிறவர்கள் எழுதும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரே ஒருவர் வந்தாலாவது சமாளிக்கலாம். மேலதிகாரி, சித்தப்பா, பள்ளிக்கூடத்துச் சிநேகிதி, முகமே தெரியாதவர் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். நேரில் இவர்கள் ஒவ்வொருவரிடமும் நாம் வேறு மாதிரிப் பேசுகிறவர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாக்கியம் எழுத வேண்டுமென்றால், யாரையும் உறுத்தாத வாக்கியம்தான் மிஞ்சும். அல்லது எதிர்த்திசையில் போகும். எந்தப் பதிவில் அழுதோமோ அதற்குத்தான் அதிகம் பேர் பேசினார்கள் என்று தெரிந்ததும், நம்மை அறியாமலே அழுகை கூடும். சாதாரணமாகக் கழிந்த நாட்களை எழுதுவதே நின்றுபோகும். உண்மையில் ஒரு டைரியின் பெரும்பகுதி சாதாரண நாட்கள்தான். தூக்கம், உடம்பு வலி, யாரிடம் எரிந்து விழுந்தோம் என்கிற மாதிரியான அற்பக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால்தான், ஒவ்வொரு முறையும் எதற்குப் பிறகு உடைந்துபோகிறோம் என்ற தடம் தெரியும்.

டைரி மனசுக்கு நல்லது என்று சொல்வதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வையும் இங்கே பார்க்க வேண்டும். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை அது. தொடர்ந்து 4 நாள், தினமும் 15 நிமிடம், வாழ்க்கையில் தங்களை உலுக்கிய ஒரு சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதனால் வந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த 6 மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது, ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. டைரியை வெளியிட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். உள்ளே இருப்பதைக் கொட்டி முடித்த அந்த அரைமணி நேரத்தில் நாம் இருப்பதிலேயே பலவீனமான நிலையில் இருக்கிறோம். சரியாக அந்த நேரத்தில்தான், எழுதிய கையோடு, பொதுவில் போடுகிறோம். அப்போது யாராவது ஒரு வரி குத்தலாகச் சொன்னால் அது சாதாரண நாளில் வலிப்பதைப் போல வலிக்காது, பல மடங்கு வலிக்கும். யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் வலிக்கும். இருப்பதிலேயே கனமான பதிவுக்கு மௌனம் மட்டும் பதிலாக வரும்போது, “என் துக்கத்துக்கு இவ்வளவுதான் மதிப்பா” என்று நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அந்த மௌனத்துக்குக் காரணம் படித்தவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாததுதான் என்று அறிவுக்குத் தெரியும், மனசு கேட்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை எழுத்து சர்வரோக நிவாரணி அல்ல. 2006-இல் ஜோஆன் ஃபிராட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியது என்றுதான் வந்தது. எழுத எழுத ஒரே இடத்தில் மனசு சுற்றிச் சுற்றி வருகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் நிறுத்திவிட வேண்டும். தேவையென்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பென்னிபேக்கரே, எழுதினால் நிலைகுலைந்துவிடுவோம் என்று தோன்றும் விஷயத்தை எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறார்.

இலக்கு, பயிற்சி, படிப்பு போன்றவற்றுக்கு டைரி வைப்பவர்களுக்கு வேறு ஒரு சிக்கல். “இந்த வருடம் இதைச் செய்து முடிப்பேன்” என்று பொதுவில் எழுதினால் வெட்கத்துக்காவது செய்வோம் என்று நினைக்கிறோம். 2009-இல் பீட்டர் கோல்விட்சரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனைகளில், தான் இன்ன ஆளாக ஆகப்போகிறேன் என்ற தீர்மானத்தை இன்னொருவர் பார்க்க எழுதியவர்கள், பிறகு அதற்கான வேலையில் குறைந்த நேரமே செலவிட்டார்கள். சொன்னதே பாதி ஆனது போன்ற நிறைவைத் தந்துவிடுகிறது. அதனால் தீர்மானத்தை நோட்டில் வையுங்கள். வெளியே சொல்ல வேண்டுமென்றால் செய்து முடித்ததை மட்டும், அளவோடு சொல்லுங்கள்: இத்தனை பக்கம் படித்தேன், இத்தனை கிலோமீட்டர் ஓடினேன், இன்று ஓடவில்லை. இந்த ஒரு வகை டைரிக்கு மட்டும் பொதுவில் எழுதுவது உண்மையிலேயே உதவும் என்று நினைக்கிறேன். அதிலும் தவறிய நாட்களை மறைக்காமல் எழுதினால்தான்.

இனி, டைரியில் வரும் மற்றவர்கள். நம் வாழ்க்கை நமக்குச் சொந்தம், அதில் பாதிக்கு மேல் அடுத்தவர்களும் இருக்கிறார்கள். பொதுவில் எழுத ஆரம்பித்து வெகு சீக்கிரம் வரும் அடி இதிலிருந்துதான். பதிவில் வந்த ஒருவர் அதைப் படித்துவிடுவார், அல்லது யாராவது எடுத்துப்போய்க் காட்டுவார்கள். “பேரைச் சொல்லவில்லையே” என்பது அங்கே எடுபடாது. தன்னைப் பற்றித்தான் என்று அவருக்குத் தெரியும், சுற்றியுள்ள பத்துப் பேருக்கும் தெரியும். பெயரை நீக்கினால் ஆளை மறைத்துவிடலாம் என்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதற்கு ஒரு கணக்கு: அமெரிக்காவின் 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து லட்டன்யா ஸ்வீனி பார்த்தபோது, பிறந்த தேதி, பாலினம், 5 இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டும் தெரிந்தால் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்பிருப்பதாக வந்தது. டைரியில் நாம் மூன்றோடு நிறுத்துவதில்லை. பிறந்தநாளுக்கு ஒரு பதிவு, வேலை நேரம் பற்றி ஒன்று, குழந்தையை எத்தனை மணிக்கு எங்கே விட்டோம் என்று ஒன்று. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆறு மாதப் பதிவுகளை ஒரே மூச்சில் படிக்கிற ஒருவருக்கு வீடு எப்போது பூட்டியிருக்கும் என்பது வரை தெரிந்துவிடும். படங்களிலும் இதே கதைதான். போன் கேமராவில் இருப்பிடத்தைப் பதியும் வசதி திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படக் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சில தளங்கள் ஏற்றும்போது அதை நீக்கிவிடுகின்றன, சில நீக்குவதில்லை. படத்தை ஆவணமாக அனுப்பினால் பெரும்பாலும் அப்படியே போகும். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்து வைப்பதே சுலபம். டைரிப் பக்கத்தையே படம் பிடித்துப் போடுகிறவர்கள், ஓரத்தில் தெரியும் எதிர்ப்பக்கத்தையும் மேஜை மேல் கிடக்கும் கடித உறையையும் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பிரச்சினை வந்ததும் எல்லாரும் செய்வது பதிவை நீக்குவது. அழித்தால் நம் பக்கத்திலிருந்து போகும், அவ்வளவுதான். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். தேடுபொறியில் சில நாள் பழைய வரி தெரியும். 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பிரதி இருக்கக்கூடும். நீக்க வேண்டியிருந்தால் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் உங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்துவையுங்கள், பின்னால் “நீ இப்படி எழுதினாய்” என்று வரும்போது என்ன எழுதினோம் என்பது கையில் இருக்க வேண்டும். பிறகு பதிவை நீக்குங்கள். பிறகு தேடுபொறியின் நீக்கல் கோரிக்கைப் படிவத்தில் அந்த முகவரியைக் கொடுங்கள். ஆர்க்கைவில் இருந்தால் அவர்களுக்கு மின்னஞ்சலில் கேட்கலாம். சம்பந்தப்பட்டவரிடம் நேரில் பேசுவதை இவை எதுவும் தவிர்க்காது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, பொதுவில் எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டைரியையும் வாசகருக்கு எழுதுவதையும் ஒரே தாளில் செய்யக் கூடாது என்கிறேன். இதற்கு, இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1942 ஜூனில், 13-ஆவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் தனக்காக எழுதத் தொடங்கியவர் அவர். 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில், போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வையுங்கள் என்று அமைச்சர் ஒருவர் பேசியதைக் கேட்டார். அதன் பிறகு அந்த மே மாதம் முதல், வெளியாகும் நூலாக நினைத்துத் தன் நாட்குறிப்பை முதலிலிருந்து திருப்பி எழுதினார். எங்கே எழுதினார் என்பதைப் பாருங்கள்: தனித் தாள்களில். சிலவற்றை விட்டார், சிலவற்றைச் சேர்த்தார், மறைந்திருந்தவர்களுக்கு மாற்றுப்பெயர்ப் பட்டியல் போட்டார். நோட்டில் தனக்காக எழுதுவதை மட்டும் நிறுத்தவே இல்லை. ஆகஸ்ட் 1 வரை அது தனியாக ஓடியது. ஒளிந்திருக்கும் அறைக்குள், தாள் தட்டுப்பாட்டுக்கு நடுவே, பதினைந்து வயதுப் பெண் இரண்டையும் பிரித்து வைத்திருந்தாள். நம் பக்கத்தில், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இன்றைக்கும் வரலாற்று ஆய்வாளர்களுக்கு உதவுவதும், வாசகர்களை மனதில் வைத்து அவர் அதைச் சுத்தம் செய்யாததால்தான் என்பது என் எண்ணம்.

சரி, தனி நோட்டை எப்படி வைத்துக்கொள்வது? தையல் போட்டுக் கட்டிய நோட்டு வாங்குங்கள். சுருள் கம்பி நோட்டில் பக்கம் கிழிப்பது சுலபம், கோபத்தில் கிழித்துவிட்டுப் பிறகு வருந்துவோம். மை பேனா பழக்கம் உள்ளவர்களுக்கு 80 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) குறைந்த தாளில் பெரும்பாலும் மறுபக்கம் ஊறும். சாய மை தண்ணீர் பட்டால் கரையும், பிக்மென்ட் மை நிற்கும். சாதாரண பால்பாயின்ட் பேனா வருடக்கணக்கில் தாங்கும், ஆனால் அழுத்தி எழுதினால் அடுத்த பக்கத்தில் தடம் விழும். மேல்பக்கத்தைக் கிழித்து எறிந்தாலும், அந்தத் தடத்தின் மேல் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழுந்துவரும். பக்கத்துக்கு அடியில் ஒரு தடித்த அட்டை வைத்துக்கொண்டு எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. டிக்கெட், ரசீது ஒட்டுகிறவர்கள் கவனிக்க: வெப்பத்தில் அச்சாகும் வழுவழுப்பான ரசீதுகள் வெளிறிப்போகும், நகல் எடுத்து ஒட்டுங்கள். தேதியோடு வருடத்தையும் எழுதுங்கள், பக்கத்துக்கு எண் போடுங்கள். “டைரி” என்று தங்க எழுத்தில் அச்சடித்த புத்தகம் பார்ப்பவர் கையை இழுக்கும். கணக்கு நோட்டு மாதிரி இருப்பதை யாரும் திறப்பதில்லை. சங்கேத எழுத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்த சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை தன் நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில்தான் எழுதினார், அந்தரங்கமான இடங்களில் பிறமொழிச் சொற்களையும் கலந்தார். 1825-இல் அது அச்சேறிவிட்டது.

போனிலோ கணினியிலோ எழுதுகிறவர்களுக்குப் பூட்டு இருக்கிறது என்ற தைரியம் இருக்கும். ஆனால் கசிவது பூட்டு வழியாக இல்லை, ஓரங்கள் வழியாக. கீபோர்டு நாம் அடிக்கும் சொற்களைக் கற்றுக்கொள்கிறது. டைரியில் ஒரு பெயரோடு ஒரு வசைச்சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தால், வேறெங்கோ அந்தப் பெயரை அடிக்கும்போது அடுத்த சொல்லாக அது எட்டிப்பார்க்கும். கற்றுக்கொள்வதை அமைப்பில் அணைத்துவிடலாம். போனின் பொதுத் தேடல் குறிப்புகளுக்குள்ளும் தேடும், டைரி ஆப்பை அதிலிருந்து விலக்குங்கள். நினைவூட்டல் வைத்திருந்தால் பூட்டுத்திரையில் அதன் உள்ளடக்கம் தெரியாதபடி வையுங்கள். நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தால் அது தானாகக் கிளவுடுக்குப் போகும். குடும்பமே ஒரு கணக்கைப் பயன்படுத்தினால் இன்னொருவர் டேப்லெட்டில் உங்கள் கையெழுத்து வந்து நிற்கும். நீக்கியது குப்பைத்தொட்டியில் பெரும்பாலும் 30 நாள் கிடக்கும், அதையும் காலி செய்ய வேண்டும். ஆப் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி போதும். முழு என்கிரிப்ஷன், அதாவது ஆப் நிறுவனம்கூடப் படிக்க முடியாதபடி எழுத்தைப் பூட்டும் வசதி, உண்டா? எழுதியதை மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா? ஸ்டாண்டர்ட் நோட்ஸில் என்கிரிப்ஷன் தானாகவே இருக்கும், ஜோப்ளினில் நாம்தான் இயக்க வேண்டும். இவற்றில் பாஸ்வேர்டை மறந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது, அதனால் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். ஒப்சிடியன் எழுதுவதைச் சாதாரண உரைக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே வைக்கும். ஆப் மூடப்பட்டாலும் கோப்பு இருக்கும், ஆனால் கணினியைத் திறக்கிற எவரும் படிக்கலாம். எதுவாக இருந்தாலும் மூன்று பிரதி, இரண்டு வேறு சாதனம், ஒன்று வேறு இடத்தில். சில மாதத்துக்கு ஒரு தடவை பேக்கப்பைத் திறந்து தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பொதுவில் எழுதிப் பழகியவர் நோட்டுக்குத் திரும்பும்போது முதலில் கை ஓடாது. இதை யாரும் சொல்வதில்லை. வெற்றுப்பக்கத்தின் முன் உட்கார்ந்தாலும் விளக்கம் சொல்லும் குரல்தான் வரும். “என் சகோதரர் ஒருவர்” என்று எழுதுவோம், யாருக்கு அறிமுகம் செய்கிறோம் என்றே தெரியாமல். கடைசி வரியில் ஒரு பாடம் வந்து உட்காரும். சில வாரம் இப்படித்தான் வறட்சியாக இருக்கும், பழைய நோட்டுகளைப் பார்த்தால் அழுகைகூட வரும். விடாதீர்கள். ஆட்களை வீட்டில் கூப்பிடும் பெயரிலேயே எழுதுங்கள், உறவு சொல்லாதீர்கள். பேச்சுத்தமிழில் எழுதுங்கள், எழுத்துத்தமிழில் உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். யாரிடமும் காட்டவே முடியாத ஒரு வரியை முதல் வரியாக எழுதிவிட்டால், அந்தப் பக்கம் இனி வெளியே போகாது என்று மனசுக்குத் தெரிந்துவிடும், பிறகு தளரும். பதினைந்து நிமிடம் அலாரம் வைத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஓட்டுங்கள். பாடம் வந்தால் அதை அடித்துவிட்டு, அந்த நாளில் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றை எழுதி மூடுங்கள். ஒரு மாதத்துக்குத் திரும்பிப் படிக்காதீர்கள்.

இந்த நோட்டு ஓட ஆரம்பித்த பிறகு, அதிலிருந்து பொதுவுக்கு எடுத்து எழுதலாம். சாதாரண விஷயம் என்றால் மூன்று மாதமாவது ஆறப்போடுங்கள். மரணம், பிரிவு, நோய், வேலைத் தகராறு என்றால் ஒரு வருடத்துக்குக் குறையாமல். எழுதும்போது நோட்டை மூடிவையுங்கள், நினைவிலிருந்து எழுதி முடித்த பிறகு தேதி, வரிசை சரிபார்க்க மட்டும் திறங்கள். நோட்டைப் பார்த்து நகலெடுத்தால் அன்றைய கோபமும் சேர்ந்து நகலாகும். பிறகு ஒவ்வொரு ஆளையும் எடுத்து, இவர் இல்லாமல் இதைச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். மேலே சொன்ன அண்ணன் பதிவையே எடுத்தால், “இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்த பிறகு கை நடுங்கியது. கோபம் எதிரில் இருந்தவர் மேலா, என் மேலா என்று வெகுநேரம் தெரியவில்லை” என்று எழுதலாம். அண்ணன் இல்லை, பணம் இல்லை, ஆனால் நடுக்கம் இருக்கிறது. ஆளைத் தவிர்க்கவே முடியாது என்றால், அவரிடம் சாராம்சம் சொல்லி அனுமதி கேட்காதீர்கள், முழு வாசகத்தையும் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கேட்கும்போது “சரி” என்கிறவர்கள் படிக்கும்போது மாறுவார்கள், மாற அவர்களுக்கு உரிமை உண்டு. குழந்தைகளைப் பற்றி எழுதாதீர்கள். வளர்ந்த பிறகு அவர்கள் பெயரைத் தேடினால் முதலில் வருவது, அவர்கள் படுக்கையை நனைத்ததைப் பற்றி நாம் எழுதிய பதிவாக இருக்கக் கூடாது. ஊரே படிக்க வேண்டாம், ஆனால் யாராவது ஒருவர் படித்தால் தேவலை என்று தோன்றும் நாட்களில், நம்பிக்கையான ஒரே ஒருவருக்குக் கடிதமாக எழுதுங்கள். ஏங்கியது பெரும்பாலும் அந்த ஒரு பதிலுக்குத்தான் என்பது அப்போது புரியும்.

கடைசியாக, நமக்குப் பிறகு இந்த நோட்டுகள் என்ன ஆகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். எழுத்தாளர் காஃப்கா தன் நாட்குறிப்புகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் படிக்காமல் எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதி வைத்தார்; 1924-இல் காஃப்கா இறந்த பிறகு பிராட் எரிக்காமல் பதிப்பித்தார். இலக்கியத்துக்கு அது லாபம், ஆனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதும் அதில் இருக்கிறது. யாரும் படிக்கக் கூடாது என்பதை நீங்களே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, வருடத்துக்கு ஒரு தடவை பிரித்து எடுத்து, காகிதத்தைப் பொடிப்பொடியாக வெட்டும் இயந்திரத்தில் போட்டுவிடுங்கள். வைத்திருப்பதன் முதல் பக்கத்தில், இது யாரிடம் போக வேண்டும், அவர் படிக்கலாமா என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஆளிடம் வாய்விட்டும் சொல்லிவையுங்கள். கூகுள் கணக்கில் இருப்பவற்றுக்கு, 3 முதல் 18 மாதம் வரை கணக்கு அசையாமல் இருந்தால் குறிப்பிட்ட ஒருவருக்குத் தரவைக் கொடுக்கவோ மொத்தமாக அழிக்கவோ முன்கூட்டியே அமைத்து வைக்கலாம். ஆப்பிளில், நமக்குப் பிறகு நம் கணக்கைத் திறக்கக்கூடிய மரபுத் தொடர்பாளராக (Legacy Contact) ஒருவரை நியமிக்கலாம், ஆனால் அவருக்கு உங்கள் குறிப்புகளும் படங்களும் திறக்கும் என்பதை யோசித்துவிட்டு நியமியுங்கள்.